சென்னையில் தைத் திருநாள்

உலகில் உயிர் வாழ்வன ஏறத்தாழ யாவும் கதிரவனைச் சார்ந்தே வாழ்கின்றன. ஏறத்தாழ 15 கோடிக் கிலோமீட்டர் தொலைவிலிருந்து புறப்படும் அவன் ஒளி, 8 நிமிடமும் 20 விநாடியும் கழிந்தபின் இம்மண்ணை வந்து அடைகிறது. அவ்வொளியைப் பச்சிலை ஏற்று உணவாக ஆக்குகிறது. அவ்வெப்பத்தால் கடல்நீர் ஆவியாகி மேலெழுந்து, மேகமாகி, மழையாகப் பொழிகிறது. மழையும் ஒளியும் கூடினாலன்றி ஒரு நெல்மணியும் விளையாது. ஆதலின், ஒரு கவளம் சோறு உண்பவன் கதிரவன் அளித்ததையே உண்கின்றான். இவ்வுண்மையை நூல்வழி அறிவதற்கு முன்பே வாழ்க்கைவழி உணர்ந்தவர் நம் முன்னோர். அவ்வுணர்வின் வெளிப்பாடே தைத்திங்கள் முதல் நாளில் கொண்டாடப்பெறும் பொங்கல் திருநாள்.

ஞாயிற்றைப் போற்றும் வழக்கம் தமிழகத்தில் மிகத் தொன்மையானது. இளங்கோவடிகள் தம் சிலப்பதிகாரத்தைத் திங்களையும் ஞாயிற்றையும் மழையையும் வாழ்த்தித் தொடங்குகின்றார். காவிரிப்பூம்பட்டினத்தில் கதிரவனுக்கென ஒரு கோட்டம் இருந்ததையும் அக்காப்பியம் குறிப்பிடுகின்றது. முருகனைப் பாடும் திருமுருகாற்றுப்படையும் கடல்மேல் எழும் ஞாயிற்றை உவமையாக்கியே தொடங்குகின்றது. தைத்திங்களில் மகளிர் நீராடி நோன்பு நோற்றமையைச் சங்கப் பாடல்கள் தெரிவிக்கின்றன. பிற்காலத்தில் முதற் குலோத்துங்க சோழன் காலத்தில் தஞ்சை நாட்டில் சூரியனார் கோயில் எழுந்தது. வடகிழக்கே கலிங்க நாட்டில், முதலாம் நரசிம்மதேவன் 13ஆம் நூற்றாண்டில் கொணார்க்கத்தில் தேர் வடிவாகவே ஒரு பெருங்கோயில் எடுத்தான். எனினும், தமிழ் உழவன் கதிரவனை வழிபடக் கற்கோயிலைத் தேடிச் செல்லவில்லை. அவன் வீட்டு முற்றமே கோயில். திறந்த வானமே விமானம். புதுப்பானையில் பொங்கும் புத்தரிசியே படையல். கண்முன் தோன்றும் தெய்வத்திற்கு வேறு திருமேனி வேண்டப்படவில்லை.

இவ்விழா தை முதல் நாளில் அமைந்ததற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று மண்ணைச் சார்ந்தது. மற்றொன்று விண்ணைச் சார்ந்தது.

மண்ணைச் சார்ந்த காரணத்தை முதலிற் காண்போம். தமிழகத்தின் கீழ்க்கரைப் பகுதிகளுக்கு உயிராக விளங்குவது வடகிழக்குப் பருவமழை. ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் அம்மழை மிகுதியாகப் பெய்து ஏரிகளை நிரப்பும். ஆடி, ஆவணியில் விதைத்த சம்பாப் பயிர் அந்நீரை உண்டு வளர்ந்து, மார்கழிப் பனியில் கதிர் முற்றி, தை பிறக்கும்போது அறுவடைக்கு நிற்கும். மழை ஓய்ந்துவிடும்; வானம் தெளிந்துவிடும்; களத்தில் நெல் குவியும். ஆறு திங்கள் உழைத்தவன் நெஞ்சு நிறைந்து மகிழும் காலம் அதுவே. உழைப்பின் பயனைக் கையில் ஏந்தியவுடன், அதனை உண்பதற்கு முன் உதவியவரை நினைத்தல் பண்புடையோர் செயல். அந்நினைவே விழாவாக மலர்ந்தது.

இனி, விண்ணைச் சார்ந்த காரணத்தைக் காண்போம். நிலவுலகின் அச்சு ஏறத்தாழ 23½ பாகை சாய்ந்திருத்தலால், ஞாயிறு ஆறு திங்கள் வடக்கு நோக்கியும் ஆறு திங்கள் தெற்கு நோக்கியும் நகர்வதுபோல் தோன்றும். முன்னதை உத்தராயணம் என்றும், பின்னதைத் தட்சிணாயனம் என்றும் நூலோர் வழங்குவர். தெற்கு எல்லையை ஞாயிறு அடையும் நாளில் சென்னையில் பகற்பொழுது 11 மணி 20 நிமிட அளவே நிற்கும். வடக்கு எல்லையை அடையும் ஆனித் திங்களிலோ அது 12 மணி 50 நிமிட அளவுக்கு நீளும். குறைந்து வந்த ஒளி மீண்டும் வளரத் தொடங்குவதை உலகின் பல நாட்டு மக்களும் விழாவெடுத்து வரவேற்றுள்ளனர். ஞாயிறு மகர இராசியிற் புகும் நாளே உத்தராயணத் தொடக்கமெனக் கொண்டு, அதனை மகர சங்கராந்தி எனப் பெயரிட்டனர் நம் நாட்டுச் சோதிட நூலோர்.

இங்கே கூர்ந்து நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. ஞாயிறு தெற்கு எல்லையை அடைந்து திரும்புவது இக்காலத்தில் டிசம்பர் 21 அல்லது 22ஆம் நாளில் ஆகும். தைப்பொங்கலோ ஜனவரி 14 அல்லது 15ஆம் நாளில் வருகின்றது. இவ்விரண்டிற்கும் இடையே ஏறத்தாழ 24 நாள்கள் உள்ளன. இவ்வேறுபாடு எவ்வாறு நேர்ந்தது? நம் பஞ்சாங்கம் விண்மீன்களை அடையாளமாகக் கொண்டு ஆண்டைக் கணக்கிடுகின்றது. பருவங்களோ நிலவுலகின் அச்சுச் சாய்வைப் பின்பற்றி வருகின்றன. சுழலும் பம்பரத்தின் தலை மெல்ல வட்டமிடுவதுபோல, நிலவுலகின் அச்சும் மிக மெல்லத் திசை மாறுகின்றது. அதனால், இருவகை ஆண்டுகளுக்கும் இடையே ஏறத்தாழ 20 நிமிட வேறுபாடு உண்டாகின்றது. அவ்வேறுபாடு 72 ஆண்டுகளில் ஒரு நாள் அளவாகத் திரள்கின்றது. ஏறத்தாழ ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளுக்கு முன் இவ்விரு நாள்களும் ஒன்றாகவே இருந்தன. பின்னர் மெல்ல மெல்ல விலகின.

இவ்விலகலை நகர மக்கள் அறிந்த ஒருவர் வரலாற்றைக் கொண்டே உணரலாம். விவேகானந்தர் பிறந்தது மகர சங்கராந்தி நாளில். அந்நாள் 1863ஆம் ஆண்டு ஜனவரி 12. அவர் மேலைநாட்டிலிருந்து திரும்பி, 1897ஆம் ஆண்டில் ஒன்பது நாள்கள் தங்கிய மாளிகை சென்னைக் கடற்கரைச் சாலையில் இன்றும் அவர் பெயரால் விளங்குகின்றது. அவர் பிறந்தபோது 12ஆம் நாளில் வந்த சங்கராந்தி, ஏறத்தாழ நூற்று அறுபது ஆண்டுகளில் 14, 15ஆம் நாள்களுக்கு நகர்ந்துவிட்டது. விண்ணின் கணக்கு இவ்வாறு மெல்ல மாறினும், மண்ணின் கணக்கு மாறவில்லை. சம்பா நெல் இன்றும் தையிலேயே களத்திற்கு வருகின்றது. ஆகவே, உழவனுக்கு இந்நாள் என்றும் பொருந்திய நாளாகவே நிற்கின்றது.

உழவனுக்குப் பொருந்துவது நகரத்தானுக்குப் பொருந்துமா? மயிலாப்பூரிலும், தியாகராய நகரிலும், அடையாற்றிலும் இன்று ஏர் பூட்டுவார் இல்லை; நாற்று நடுவார் இல்லை. அரிசி கடையிலிருந்து வருகின்றது. கரும்பு வண்டியில் வந்து இறங்குகின்றது. விதைக்காதவர் அறுவடை விழாக் கொண்டாடுதல் வெறும் வழக்கமே அன்றோ எனச் சிலர் வினவுவர். இவ்வினா புறக்கணிக்கத்தக்கது அன்று. இதற்கு விடை காண வேண்டுமாயின், இந்நகர் நிற்கும் நிலத்தின் வரலாற்றைச் சற்றே அறிதல் வேண்டும்.

சென்னை அடங்கிய தொண்டை நாடு பேராறுகள் மிகுதியாக இல்லாத நாடு. மழைக்காலத்து நீரை ஏரிகளில் தேக்கி, அந்நீரைக் கொண்டே அந்நாட்டினர் பயிர் செய்தனர். இன்று தியாகராய நகராக விளங்கும் பகுதியின் பெரும் பரப்பும் ஒருகாலத்தில் ஏரியே. நுங்கம்பாக்கம் முதல் தெற்கே அடையாற்றை நோக்கி வளைந்து நீண்டு கிடந்ததனால், அதனை ‘நீண்ட ஏரி’ என்றே ஆங்கிலேயர் வரைபடங்களில் குறித்தனர். மக்கள் பெருகி வீடுகள் தேவைப்பட்டபோது, 1920-களில் அவ்வேரியின் நீரை வடித்துத் தெருக்கள் அமைத்தனர். நீதிக்கட்சித் தலைவருள் ஒருவரும், 1925ஆம் ஆண்டில் மறைந்தவருமான பிட்டி தியாகராயரின் பெயர் அப்புதிய ஊருக்கு இடப்பட்டது. மேற்கு மாம்பலத்தில் ஏரியைக் குறிக்கும் சாலைப்பெயர் ஒன்று இன்றும் வழங்குகின்றது. அங்கு நின்று காண ஏரி இல்லை. 1976ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற வள்ளுவர் கோட்டம் நிற்கும் இடமும் ஏரிப்பகுதியே. மயிலாப்பூரை அடுத்த மந்தைவெளி, மாட்டு மந்தைகள் மேய்ந்த வெளி என்னும் பொருளைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கின்றது. எனவே, நகரத்தார் பொங்கற்பானையை ஏற்றும் மண் உழவுக்குப் புறம்பான மண் அன்று. வயலுக்கு நீர் தந்த ஏரியும், உழவுக்கு உதவிய மாடுகள் மேய்ந்த வெளியுமே நகரமாயின.

நிலத்தை இவ்வாறு பெற்றுக்கொண்ட நகரம், உணவையும் பிறரிடமிருந்தே பெறுகின்றது. தானே விளைத்து உண்பவனைவிடப் பிறர் விளைத்ததை உண்பவனுக்கே நன்றிக்கடன் மிகுதி. இக்கடனை நினைவூட்டுவதே நகரத்துப் பொங்கலின் பயன். இவ்விழா நான்கு நாள்களாகப் பகுக்கப்பட்டிருத்தலும் பொருளுடையது. முதல் நாள் மழைக்கு. இரண்டாம் நாள் கதிரவனுக்கு. மூன்றாம் நாள் மாட்டுக்கு. நான்காம் நாள் மாந்தர்க்கு. உணவு விளைவதற்கு வேண்டிய நால்வகைத் துணையும் இந்நான்கு நாள்களில் அடங்கிவிட்டன.

மார்கழியின் இறுதிநாள் போகி. போகி என்பது மழைக்கு இறைவனாகக் கூறப்படும் இந்திரனின் பெயர்களுள் ஒன்று. கதிரவனை வழிபடுவதற்கு முதல்நாள் மழையை நினைத்தல் எத்துணைப் பொருத்தம்! அன்று வீட்டைத் தூய்மை செய்து, வெள்ளையடித்து, பயனற்ற பழம்பொருள்களைக் கழிப்பர். பழைய பாயும், துடைப்பமும், உலர்ந்த ஓலையும் விடியற்காலையில் எரியூட்டப்பட்டன. அக்காலத்து வீடுகளில் கழிக்கத்தக்கவை அவையே. அவற்றின் சாம்பலும் மண்ணோடு மண்ணாகக் கலந்தது. இக்காலத்தில் சிலர் வண்டிச் சக்கரத்தின் ரப்பரையும் பிளாஸ்டிக் பொருள்களையும் தெருவில் கொளுத்துகின்றனர். 2018ஆம் ஆண்டுப் போகியன்று புகையும் பனியும் கலந்து நகரைச் சூழ, சென்னை வானூர்தி நிலையத்தில் இறங்க வேண்டிய ஊர்திகள் சில வேற்றூர்களுக்குத் திருப்பப்பட்டன. மறுநாள் வணங்கவேண்டிய கதிரவனை முதல்நாளே புகையால் மறைத்தல் வழிபாட்டுக்கு ஏற்ற முன்னேற்பாடு ஆகாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் இதனை எடுத்துரைத்து வருகின்றது. கழிப்பது தூய்மைக்காக என்பதை மறந்தால், வழக்கம் நிற்கும், கருத்துப் போய்விடும்.

பொங்கலுக்கு முந்திய சில நாள்களில் மயிலைக் கபாலீசுவரர் கோயிலைச் சூழ்ந்த மாடவீதிகள் புதுக்கோலம் கொள்கின்றன. இலையும் கிழங்குமாய்ப் பறித்த மஞ்சட் கொத்துகளும், கட்டுக்கட்டாய்க் கரும்பும், மண்பானைகளும், பறங்கி, அவரை, மொச்சை, சருக்கரைவள்ளி முதலிய காய்கிழங்குகளும் தெருவோரங்களில் குவிகின்றன. தியாகராய நகரின் அரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் புத்தாடை வாங்குவோர் தோளொடு தோள் உரசி நடக்கின்றனர். கோயம்பேட்டு அங்காடியில் கரும்புச் சுமைகளுடன் வண்டிகள் வந்து நிற்கின்றன. அக்கரும்பு சித்திரை, வைகாசியில் நடப்பெற்று, எட்டு, ஒன்பது திங்கள் கதிரொளியை உண்டு வளர்ந்தது. அதனை விலைபேசி வாங்குவோர், அத்தனை திங்களும் அதற்குத் தண்ணீர் பாய்ச்சியவர் கைகளையும் ஒருகணம் நினைத்தல் நன்று.

தை பிறந்த காலையில் வாயில்தோறும் அரிசிமாக் கோலமும் செம்மண் கரையும் பொலிகின்றன. அரிசிமா இடுதல் அழகுக்காக மட்டும் அன்று. எறும்பு முதலிய சிற்றுயிர்களும் அந்நாளில் உண்ணவேண்டும் என்பதே பழைய கருத்து. புதுப்பானையின் கழுத்தில் மஞ்சட்கொத்தைக் கட்டி, பாலும் நீரும் வார்த்து அடுப்பில் ஏற்றுவர். பால் பொங்கி வழியும்போது வீட்டார் அனைவரும் ‘பொங்கலோ பொங்கல்’ என ஒருங்கே குரலெழுப்புவர். சங்கு ஊதுவாரும் உண்டு. பின்னர்ப் புத்தரிசியும் பாசிப்பருப்பும் வெல்லமும் இட்டுச் சமைத்துக் கதிரவனுக்குப் படைத்த பின்னரே உண்பர். அடையாற்றிலும் மயிலையிலும் அடுக்குமாடி வீடுகளில் வாழ்வோர்க்கு முற்றம் இல்லை. அவர்கள் சமையலறை அடுப்பிலேயே சிறுபானையை ஏற்றுகின்றனர். பொங்கியதைப் பலகணி ஓரத்தில் வைத்து, கட்டடங்களின் இடைவெளியில் தோன்றும் ஞாயிற்றை வணங்குகின்றனர். பானை சிறிதாயிற்று, முற்றம் மறைந்தது, ஆயினும், கிழக்கு நோக்கிக் கைகூப்பும் செயல் மறையவில்லை. பொங்கி வழிவதே மங்கலம் என்னும் கருத்திலும் ஓர் அறம் உண்டு. தன் அளவோடு நில்லாமல் பிறர்க்கும் வழிந்து செல்வதே செல்வம்.

மூன்றாம் நாள் மாட்டுப் பொங்கல். உழுது தந்த காளையையும் பால் தந்த பசுவையும் குளிப்பாட்டி, கொம்பில் வண்ணம் தீட்டி, மாலை சூட்டிப் பொங்கல் ஊட்டுவது சிற்றூர் வழக்கம். மயிலைத் தெருக்களில் இன்றும் ஆங்காங்கே மணி கட்டி அலங்கரித்த மாடுகளைக் காணலாம். அன்று காலையில் மகளிர் பலர் கனுப்பிடி வைப்பர். மஞ்சள் இலையை விரித்து, அதன்மேல் வண்ணச் சோற்றுப் பிடிகளை வரிசையாக வைத்து, உடன்பிறந்தார் நலமுற வாழ வேண்டுவர். அச்சோற்றைக் காக்கை முதலிய பறவைகள் உண்ணும். ஆற்றங்கரையில் நிகழ்ந்த இவ்வழக்கம் நகரில் வீட்டு மொட்டைமாடிக்கு ஏறியுள்ளது. தமிழக அரசு திருவள்ளுவர் நாளாகக் கொண்டாடுவதும் தை இரண்டாம் நாளாகிய இந்நாளையே. வள்ளுவர் பிறந்த ஊர் மயிலாப்பூர் என்பது செவிவழிச் செய்தி. அங்கே அவருக்குக் கோயிலும் உண்டு. அவர் உழவுக்கென ஓர் அதிகாரமும், பிறர் செய்த நன்மையை மறவாமைக்கென ஓர் அதிகாரமும் வகுத்தார். இவ்விரண்டு அதிகாரங்களின் பொருளும் செயலாய்க் கூடும் நாளில் அவரை நினைத்தல் மிகவும் தகும்.

நான்காம் நாள் காணும் பொங்கல். சுற்றத்தாரையும் முதியோரையும் கண்டு வாழ்த்துப் பெறுதலும், நண்பரோடு கூடி உண்ணுதலும் அந்நாளின் சிறப்பு. சென்னையில் அன்று மக்கள் வெள்ளம் மெரினாவை நோக்கியும், அடையாற்றை அடுத்த பெசன்ட் நகர்க் கடற்கரையை நோக்கியும் பெருகும். கூட்டத்தில் குழந்தைகள் தவறிவிடாதிருக்கக் காவலர் அவர்கள் மணிக்கட்டில் அடையாள அட்டை கட்டுகின்றனர். கடலில் இறங்காதபடி கரையைக் காக்கின்றனர். கூட்டம் கலைந்தபின், மணலிற் சிதறிய குப்பையை மாநகராட்சித் தூய்மைப் பணியாளர் அள்ளுகின்றனர். பிறர் மகிழ்ந்து திரும்பும் பொழுதில் அவர்கள் உழைக்கத் தொடங்குகின்றனர். மாந்தரைக் கண்டு போற்றும் நாளில், கண்ணிற்படாமல் உழைக்கும் இவர்களையும் காணுதல் வேண்டும். தம் குப்பையைத் தாமே எடுத்துச் செல்வோர் காணும் பொங்கலின் பொருளைச் சரியாக உணர்ந்தவர் ஆவர்.

இந்நான்கு நாள்களோடு கதிரவன் வழிபாடு நின்றுவிடுவதில்லை. தை அமாவாசைக்குப் பின்வரும் ஏழாம் நாள் இரதசப்தமி. ஏழு குதிரைகள் பூட்டிய ஞாயிற்றின் தேர் வடக்கு நோக்கித் திரும்பும் நாளாக அதனைக் கருதுவர். மயிலை இல்லங்களில் ஏழு எருக்கிலைகளைத் தலையிலும் தோளிலும் வைத்து நீராடுவோர் இன்றும் உளர். வாயிலில் தேர்க்கோலமும் இடுவர். திருமலையில் அன்று வேங்கடவன் ஏழு ஊர்திகளில் உலா வருகின்றான். அவற்றுள் முதலாவது சூரியப் பிரபை. தைப்பூசத்தை ஒட்டிக் கபாலீசுவரர் கோயிற் குளத்தில் தெப்பத் திருவிழா நிகழ்கின்றது. மயிலையில் மகளிர் நெய்ச்சோறு சமைத்துத் தைப்பூசம் கொண்டாடிய செய்தியை 7ஆம் நூற்றாண்டினராகிய திருஞானசம்பந்தர் தம் பூம்பாவைப் பதிகத்தில் கூறியிருத்தலால், தைத்திங்களும் புத்தரிசியும் இவ்வூரில் எத்துணைத் தொன்மையான உறவுடையவை என்பது புலனாகும்.

இவ்வழிபாடு தமிழர்க்கு மட்டும் உரியதும் அன்று. இதே காலத்தில் குசராத்தியர் உத்தராயணம் எனக் காற்றாடி விடுகின்றனர். கன்னடர் எள்ளும் வெல்லமும் பகிர்கின்றனர். பஞ்சாபியர் லோரி என நெருப்பு மூட்டி மகிழ்கின்றனர். அசாமியர் மாக பிகு கொண்டாடுகின்றனர். கடல் கடந்த இலங்கையில் தைப்பொங்கல் அரசு விடுமுறை நாள். பீகார் நாட்டு மக்கள் தீபாவளிக்குப்பின் சட்பூசை என்னும் நோன்பு நோற்று, மறையும் ஞாயிற்றையும் மறுநாள் உதிக்கும் ஞாயிற்றையும் நீரில் நின்று வணங்குகின்றனர். பிழைப்பு நாடிச் சென்னைக்கு வந்துள்ள அவர்கள் இவ்வழிபாட்டை மெரினாக் கரையிலும் நிகழ்த்துகின்றனர். கடல் கிழக்கே உள்ளமையால் மாலைக்கதிர் நகரின் பக்கமாக மறைய, காலைக்கதிர் கடலிலிருந்து எழுகின்றது. மொழியாலும் உணவாலும் வேறுபட்டோர் ஒரே ஒளியை நோக்கிக் கைகூப்பும் அக்காட்சி, வேற்றுமையில் உள்ள ஒற்றுமையைச் சொல்லாமற் சொல்கின்றது.

நன்றி என்பது கைகூப்புதலோடு முடிந்துவிடுவதா? 2015ஆம் ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்தில் பெருமழை பெய்து அடையாறு கரைபுரண்டது. கோட்டூர்புரமும், சைதாப்பேட்டையும், மாம்பலத்துத் தெருக்களும் நீரில் மூழ்கின. வடிவதற்கு இடமின்றி, தேங்குவதற்கு ஏரியுமின்றி, நீர் வீடுகளுக்குள் புகுந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2019ஆம் ஆண்டுக் கோடையில், நகருக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டன. மக்கள் குடங்களுடன் தண்ணீர் வண்டிகளுக்காகக் காத்து நின்றனர். மிகுதியாக வந்த நீரைக் காக்கவும் இயலவில்லை. குறைந்தபோது பெறவும் இயலவில்லை. கதிரவன் கடல்நீரை முகந்து மழையாகத் தந்தான். அதனை ஏந்திக்கொள்ளும் பாத்திரத்தையே நகரம் தூர்த்துவிட்டது. கொடுப்பவனை வணங்கிக் கொடையைப் பாழாக்குதல் நன்றி ஆகாது. எஞ்சிய ஏரிகளையும் குளங்களையும் காத்தலும், கூரைமேல் விழும் மழைநீரை மண்ணுக்குள் செலுத்துதலும், உணவை வீணாக்காது உண்ணுதலும், விளைத்தவனுக்கு உரிய விலை கிடைக்கச் செய்தலும் ஞாயிறு வழிபாட்டின் உறுப்புகளே ஆகும்.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்குங்கால், விதைக்காத நகரத்திற்குப் பொங்கல் ஏன் என்னும் வினாவுக்கு விடை தெளிவாகும். உழவன் பொங்கலிடுவது தன் உழைப்பு நிறைவேறிய மகிழ்ச்சியால். நகரத்தான் பொங்கலிடுவது தான் பிறரால் வாழ்கின்றான் என்னும் உணர்வால். முன்னதில் மகிழ்ச்சி மிகுதி. பின்னதில் கடமை மிகுதி. பானையிற் பொங்குவது பாலும் அரிசியும் மட்டும் அல்ல. மழையும், ஒளியும், மாட்டின் உழைப்பும், மாந்தர் கைவண்ணமும் அதிற் கூடிப் பொங்குகின்றன. அவற்றை அறிந்து உண்பவனுக்கே அவ்வுணவு இனிக்கும். கதிரவன் தான் கொடுத்ததற்கு எதனையும் திரும்பக் கேட்பதில்லை. கேளாதவனுக்குச் செலுத்தும் நன்றியே தூய நன்றி. அந்நன்றியை அவன் ஒளியால் வாழும் பிற உயிர்களுக்குச் செய்யும் நன்மையாகத் திருப்பிச் செலுத்துதல், ஆண்டுதோறும் தை பிறக்கும்போது இளைஞர் மேற்கொள்ளத்தக்க உறுதி.